நமக்கு நாமே சொல்லும் கதைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்த மேடையில் சென்ற ஆண்டுகளில் பேசியவர்கள் புலவர்களும் பேராசிரியர்களும் ஆவர். அடியேன் அந்த வரிசையைச் சேர்ந்தவன் அல்லன். மெட்ரிக்குலேஷன் வரையில் படித்தவன். ரயில்வே அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் பிரிவில் குமாஸ்தாவாகப் பணியாற்றுகிறவன். ஆண்டு விழாவன்று நாற்காலிகளை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கமாக எனக்கு அளிக்கப்படும் பொறுப்பு. இவ்வாண்டு செயலாளர் அவர்கள், "நாற்காலிகளை வேறொருவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் இருபது நிமிஷம் பேசுங்கள்" என்று கூறிவிட்டார். எதைப் பற்றிப் பேசுவது என்று பத்து நாட்கள் யோசித்தேன். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. அரசியல் பேசச் சங்கத்தின் விதிகள் இடம் தரவில்லை. ஆகவே நம் எல்லோருக்கும் சொந்தமான ஒன்றைப் பற்றிப் பேசத் துணிந்தேன். நாம் ஒவ்வொருவரும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கதைகள்தாம் இன்று என் பொருள்.

பாட்டி சொன்ன கதைகளை நாம் கதை என்று அறிந்தே கேட்டோம். நரியும் காக்கையும் பேசும் என்று நம்பவில்லை; ஆயினும் இன்புற்றோம். நமக்கு நாமே சொல்லும் கதைகளோ அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்குக் கதை என்ற பெயரே கிடையாது. 'என் சுபாவம் இது' என்கிறோம்; 'எங்கள் குடும்பத்துக்கு இது வராது' என்கிறோம்; 'என் தலைவிதி' என்கிறோம்; 'அந்த மனிதர்களே அப்படித்தான்' என்கிறோம். கதை என்று தெரியாத காரணத்தால் அவற்றை நாம் ஆராய்வதும் இல்லை.

நம் கரக்பூரிலிருந்தே ஓர் உதாரணம் கூறுகிறேன். ஊரிலிருந்து உறவினர் வருகிறார். அழைத்துவர நிலையத்துக்குப் போகிறோம். வண்டியை விட்டு இறங்கியவரிடம் பயணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்பதற்கு முன்பே, "நீங்கள் நிற்பது உலகத்திலேயே நீளமான பிளாட்பாரம்!" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு காலத்தில் அது மெய்தான். 1,072.5 மீட்டர் நீளமுள்ள நம் நடைமேடை அந்தப் பெருமையைப் பல ஆண்டுகள் பெற்றிருந்தது. 2013-ஆம் ஆண்டில் கோரக்பூரில் 1,366 மீட்டர் நீளத்தில் நடைமேடை அமைந்தது. 2023-ஆம் ஆண்டில் ஹூப்ளியில் 1,507 மீட்டர் நீளத்தில் ஒன்று அமைந்தது. இரண்டு செய்திகளையும் நாம் பத்திரிகையில் படித்தோம். ஆயினும் சென்ற மாதம் என் மைத்துனர் வந்து இறங்கியபோது என் வாய் என்னை அறியாமலே அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்லிற்று! அவர் கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், இது பழைய சேதி அல்லவா?" என்று சிரித்தார்.

நம் நடைமேடை ஒரு முழங்கூடக் குறையவில்லை. வேறு ஊர்களில் அதைவிட நீண்டதைக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். இந்தக் கதையால் யாருக்கும் தீங்கு இல்லை. ஆனால் இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஒரு காலத்தில் மெய்யாக இருந்தது, மெய் அதை விட்டு நீங்கிய பின்பும் நம் வாயில் தங்கிவிடக்கூடும். பழக்கத்தால் சொல்கிறோம்; திரும்பிப் பார்த்துச் சொல்வதில்லை.

தீங்கற்ற கதையைச் சொன்னேன். இனி வாழ்க்கையைத் திருப்பிவிடும் கதைகளுக்கு வருகிறேன்.

பாதைகள் பிரியும் இடத்தை நீங்கள் அனைவரும் பார்த்திருக்கிறீர்கள். நம் நிலையத்தைத் தாண்டியபின் ஒரு வழி டாட்டாநகர், நாகபுரி வழியாகப் பம்பாய்ப் பக்கம் போகிறது. மற்றொன்று பாலசோர், புவனேசுவரம் வழியாகச் சென்னைக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே எத்தனை நூறு மைல்! ஆனால் பிரியும் இடத்தில் நகர்வது எவ்வளவு? தண்டவாளத்தின் நாக்கு ஒரு சாணுக்கும் குறைவாகவே நகர்கிறது. அந்தச் சிறு நகர்வு வண்டி போகும் ஊரை நிர்ணயித்துவிடுகிறது.

நம் கதைகளிலும் அத்தகைய ஓர் இடம் உண்டு. அதுதான் 'அதனால்' என்னும் சொல். நடந்த நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. அதை நாம் மாற்ற முடியாது. அடுத்து நாம் செய்யப்போகும் செயல் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 'அதனால்' என்ற சொல்லை வைக்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பிறகு எது வருகிறது என்பதைப் பொறுத்தே நம் வண்டி திரும்புகிறது.

ரயில்வேக் குடும்பங்களாகிய நாம் மறக்கக் கூடாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 1893-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் தேதி இரவு, தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த ஓர் இளம் வழக்கறிஞர் நிறத்தின் காரணமாக வண்டியிலிருந்து தள்ளப்பட்டார். அவருக்கு அப்போது 23 வயது. ஓராண்டு வேலைக்காகக் கடல் கடந்து வந்தவர். கடுங்குளிர். மேலங்கி பெட்டிக்குள் இருந்தது. பெட்டியோ நிலைய அதிகாரிகள் வசம். கேட்டால் மீண்டும் அவமதிப்பார்களோ என்று கேட்காமலே இருட்டறையில் நடுங்கிக்கொண்டிருந்தார். அவ்விரவில் காந்தியடிகள் தமக்குள் நடத்திய விசாரணையைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 'அவமதிக்கப்பட்டேன், அதனால் ஊருக்குத் திரும்புகிறேன்' என்று முடித்திருக்கலாம். 'அதனால் வழக்கு முடியும் வரை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு பிறகு போய்விடுகிறேன்' என்று முடித்திருக்கலாம். அவர் அவ்விரண்டையும் விட்டு, 'இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆழமான நோயின் அடையாளம். அதனால் இதை எதிர்ப்பது என் கடமை' என்ற முடிவுக்கு வந்தார். அடுத்த வண்டியில் ஊருக்குத் திரும்பவில்லை. பிரிட்டோரியாவை நோக்கியே பயணத்தைத் தொடர்ந்தார். ஓராண்டுக்காகப் போனவரின் தென்னாப்பிரிக்கப் பணி 1914 வரையில் நீடித்தது. நிகழ்ச்சி ஒன்றுதான். 'அதனால்' என்பதற்குப் பின்பு வந்ததே வேறு.

இரண்டாவது உதாரணம் என் போன்ற குமாஸ்தா ஒருவருடையது. கும்பகோணத்தில் வளர்ந்தவர், மெட்ரிக்குலேஷனில் நன்றாகத் தேறியவர். கல்லூரியில் கணிதத்தைத் தவிர வேறு பாடங்களைக் கவனியாமையால் உதவித்தொகையை இழந்தார், எப்.ஏ. தேர்விலும் தவறினார். 1912-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாக அமர்ந்தார். 'தேர்வில் தவறினேன், அதனால் கணிதம் எனக்கு உரியதன்று' என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தாம் ஒரு குமாஸ்தா என்பதையும், தம் சம்பளம் எவ்வளவு என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் ஒளியாமல் முதலிலேயே தெரிவித்துவிட்டு, பின்பு தம் கணித முடிவுகளை வரிசையாக வைத்தார். சீனிவாச ராமானுஜன் 1914-இல் கப்பலேறினார். 1918-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். கதையை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். நான் அப்படி நம்புவதில்லை. ராமானுஜனுக்குத் துறைமுக அலுவலகத்தில் நாராயண ஐயர் போன்ற நல்ல மனிதர்களின் ஆதரவு இருந்தது. அவ்வளவு இருந்தும் நோய் அவரை விடவில்லை. 1920-ஆம் ஆண்டு 32 வயதில் மறைந்தார். வறுமையும் நோயும் அநீதியும் கதைகள் அல்ல. அவை தண்டவாளத்தைப் போல் கெட்டியான உண்மைகள். அவற்றால் துன்புறுகிறவரிடம் போய் 'உன் எண்ணத்தை மாற்றிக்கொள்' என்று உபதேசிப்பது இரக்கமற்ற செயல். நான் சொல்வது இவ்வளவே: உண்மைகளுக்கு நடுவே நம் கையில் விடப்பட்ட இடம் கொஞ்சம் உண்டு, அந்தக் கொஞ்சத்தை நம் கதையே பாழாக்கிவிடக் கூடாது.

பெரியவர்களைப் பற்றிப் பேசிவிட்டு என்னைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் பிறர் கதையை ஆராய்கிறவன் தன் கதையை மறைப்பது முறையன்று.

'நீங்கள் ஏன் மேலே படிக்கவில்லை?' என்று யார் கேட்டாலும் இருபத்தைந்து ஆண்டுகளாக நான் கூறி வந்த பதில் இது: "அப்பா காலமாகிவிட்டார், அதனால் படிப்பு நின்றுவிட்டது, கருணை அடிப்படையில் கலாசி வேலை கிடைத்தது, குடும்பத்தைத் தாங்கினேன்." கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கும் தொண்டை அடைக்கும். பிற்பாடு இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனபோதும் அந்தக் கதையை விடவில்லை. அதனுடன் வேடிக்கையாக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன்: "எப்படியும் நம் குடும்பத்துக்குக் கணக்கு வராது!"

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை என் மகள் கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண்ணோடு வந்தாள். நான் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அவள் சிறிதும் கலங்காமல், "நம் குடும்பத்துக்குத்தான் கணக்கு வராதே அப்பா, நீங்களே சொல்வீர்களே!" என்றாள். குறும்பாகச் சொல்லவில்லை, மெய்யாகவே நம்பிச் சொன்னாள். நான் விளையாட்டாகச் சொன்னதை அந்தக் குழந்தை குலவழக்கம் என்று எடுத்துக்கொண்டு, முயல்வதையே நிறுத்தியிருந்தாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த என் தாயார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "யாருடி அப்படிச் சொன்னது? உங்க தாத்தா மளிகைக் கடைச் சிட்டையைக் கடைக்காரன் கூட்டறதுக்குள்ளே மனசாலேயே கூட்டிடுவார்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "நீ படிப்பை விட்டது அப்பா போனதாலே இல்லேடா. அவர் இருக்கும்போதே நீ பன்னிரண்டாவதிலே தவறிட்டே. திரும்ப எழுதுன்னு அவர் எவ்வளவோ சொன்னார்" என்றார்.

அன்றிரவு டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மதிப்பெண் பட்டியல் 1998-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தது. என் தந்தை காலமானது 1999-ஆம் ஆண்டு ஜனவரியில். நடுவே ஏழு மாதங்கள்! அந்த ஏழு மாதங்களில் நான் ஒரு நாள்கூடப் புத்தகத்தைத் தொடவில்லை.

அப்பா காலமானது உண்மை. படிப்பு நின்றதும் உண்மை. நடுவில் இருந்த 'அதனால்' மட்டும் பொய். அந்த ஒரு சொல்லில் நான் இருபத்தைந்து ஆண்டுகள் பத்திரமாகக் குடியிருந்துவிட்டேன். என் தோல்வியை இறந்துபோன தகப்பனார் தலையில் ஏற்றிவிட்டேன். மேலும் ஒரு விந்தை: நாள்தோறும் பலருடைய பயணப்படியையும் மிகைநேரப் படியையும் விடுப்புக் கணக்கையும் பிசகின்றிச் சரிபார்ப்பவன் நான். கணிப்பொறி தவறாகப் போட்டதையும் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்ததும் 'எனக்குக் கணக்கு வராது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்!

மறுநாள் மகளை உட்கார வைத்து உள்ளபடி சொன்னேன். "கணக்கு வராமல் போகவில்லை அம்மா, நான் பயந்து விட்டுவிட்டேன்" என்றேன். தகப்பன் தன் பெண்ணிடம் சொல்வதற்கு எளிய வாக்கியமன்று அது. அன்று முதல் இருவரும் மாலையில் அரைமணி நேரம் கணக்குப் போடுகிறோம். அவள் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டாள் என்று நான் கூறப்போவதில்லை; தேறுகிறாள். தெரியாத கணக்கை இப்போது இருமுறை முயன்ற பிறகுதான் 'வரவில்லை' என்கிறாள். எனக்கு அது போதும்.

இந்த அனுபவத்துக்குப் பின், நம் தொழிலில் உள்ள ஒரு விதியைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். பாயின்ட் சரியாக அமைந்து பூட்டப்படாமல் அந்தப் பாதைக்குரிய சிக்னல் பச்சை காட்டக் கூடாது. இதை 'இன்டர்லாக்கிங்' என்கிறோம். சிக்னல் ஒன்று சொல்லப் பாதை வேறொன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் கோட்டத்தைச் சேர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி மாலை, பாலசோர் மாவட்டம் பஹாநகா பஜாரில், நேர்ப்பாதைக்குச் சிக்னல் பச்சையாக இருந்தது. பாயின்டோ பக்கத்து லூப் பாதைக்கு அமைந்திருந்தது. சென்னைக்குச் சென்றுகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதிற்று. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த வண்டி நம் நிலையத்தைக் கடந்து போன வண்டி. நாம் ஊருக்குப் போகும் வண்டி. அன்றிரவு இந்தக் காலனியில் உறங்கியவர் யார்?

அந்தத் துயரத்தை நான் உவமைக்காக எடுக்கவில்லை. அந்த இரவு என்னுடைய மற்றொரு கதையையும் உடைத்தது, அதனால்தான் கூறுகிறேன். 'நமக்கு ஓர் ஆபத்து என்றால் நம்மவர்தாம் ஓடி வருவார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்' என்று நாம் பேசிக்கொள்வது உண்டு. அன்று இருட்டில் முதலில் ஓடி வந்து பெட்டிகளிலிருந்து மனிதர்களைத் தூக்கி வெளியே கொண்டுவந்தவர்கள் பக்கத்துக் கிராமத்தார். பாலசோர் மருத்துவமனையில் இரத்தம் கொடுக்க இரவெல்லாம் இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். யாருக்குக் கொடுக்கிறோம், அவர் எந்த மொழி பேசுகிறவர் என்று அவர்கள் கேட்கவில்லை. மனிதரைப் பற்றி நாம் வைத்திருக்கும் கதைகளையும் இப்படிச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. சிக்னலை நம்பும் முன் பாதையைப் பார்க்க வேண்டும்.

இறுதியாக, நம் காலனிக் குடும்பங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு கதைக்கு வருகிறேன். 'ஒருநாள் ஊருக்குத் திரும்பிவிடுவோம்' என்பதுதான் அது. இதைச் சொல்லாத வீடு இங்கே உண்டா?

என் தந்தையார் மாயவரத்துக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 1976-ஆம் ஆண்டில் இங்கே வேலைக்கு வந்தார். 'இன்னும் மூன்று வருஷம். மாற்றல் கிடைத்துவிடும்' என்பது அவர் வாக்கு. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அந்த மூன்று, மூன்றாகவே இருந்தது. இரண்டாகக் குறைந்ததே இல்லை. அந்தக் கதையினால் அவர் பல காரியங்களைச் செய்யவில்லை. வங்காளம் கற்கவில்லை, 'மூன்று வருஷத்துக்காகவா?' என்பார். குவார்ட்டர்ஸின் பின்புறம் வெற்றிடமாகவே கிடந்தது. ஆண்டுதோறும் பாஸில் ஊருக்குப் போய் வருவோம். திரும்பி வந்தபின் ஒரு டிரங்குப் பெட்டி அவிழ்க்கப்படாமலே சுவரோரம் இருக்கும்.

அடுத்த குவார்ட்டர்ஸில் ஸ்ரீகாகுளத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவரும் ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போகப் போகிறவர்தாம். அதை அவரும் தினந்தோறும் சொல்லுவார். ஆனால் வந்த ஆண்டிலேயே ஒரு மாங்கன்றை நட்டார். என் தந்தை, "நீங்களோ போகப் போகிறீர்கள், இது காய்க்கப் பத்து வருஷம் ஆகுமே?" என்று கேட்டாராம். "போகிற வரைக்கும் இதுவும் என் ஊர்தானே" என்றாராம் அவர். சொன்னபடியே ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். மரம் இங்கே இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் என் வீட்டு ஊறுகாய் ஜாடியை நிரப்புவது அந்த மரந்தான்.

இருவரும் சொன்ன கதை ஒன்றே. 'அதனால்' மட்டும் வேறு. 'போகப் போகிறேன், அதனால் எதற்கு?' என்றார் ஒருவர். 'போகப் போகிறேன், அதனால் இருக்கும்போதே செய்கிறேன்' என்றார் மற்றவர். ஊருக்குத் திரும்பும் ஆசை தவறன்று. அந்த ஆசை இன்றைய நாளைத் தின்றுவிடுவதுதான் தவறு.

என் தந்தையைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நானும் அதையே செய்தேன். 'ஊருக்குப் போனால் குழந்தைகளுக்குத் தமிழ் தானே வந்துவிடும்' என்று சொல்லிக்கொண்டு என் மகளுக்கு எழுத்துக் கற்பிக்காமல் விட்டேன். இதே சங்கக் கட்டிடத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு நடந்தது. கற்பிக்க ஆசிரியர் இருந்தார். குழந்தைகள்தாம் குறைந்துகொண்டே வந்தார்கள். குறைந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. அவள் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

என் தாயாருக்குக் கண்ணில் புரை. தந்தையார் திருமணமான புதிதில், குவார்ட்டர்ஸ் கிடைக்கும் முன்பு, இங்கிருந்து ஊருக்கு எழுதிய இன்லண்டு கடிதங்களை ஒரு மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். நான் மதிப்பெண் பட்டியலுக்காகப் பெட்டியைத் திறந்தபோது அந்தப் பையும் வெளியே வந்தது. சில நாள் கழித்து அவர் பேத்தியை அழைத்து, "இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டேன் கண்ணு" என்று ஒரு கடிதத்தை நீட்டினார். அவள் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தாத்தாவின் கையெழுத்து அவளுக்கு வெறும் கோடுகளாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் தாயாரும் ஒன்றும் சொல்லாமல் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

கணக்குக்குப் பின் இன்னொரு அரைமணி நேரம் தமிழ் என்று அன்று முடிவாயிற்று. அகரம் முதல் தொடங்கினோம். பதினான்கு வயதுப் பெண் பாலபாடம் படிப்பதை முதலில் அவளே கேலி செய்துகொண்டாள். எட்டு மாதம் ஆயிற்று. சென்ற தீபாவளிக்கு மறுநாள், பாட்டியின் அருகில் அமர்ந்து, எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, ஒரு கடிதத்தை முழுமையாகப் படித்தாள். 1977-ஆம் ஆண்டுக் கடிதம் அது. மழை, அரிசி விலை, மெஸ் சாப்பாடு எல்லாம் எழுதிவிட்டு, முடிவில் என் தந்தை எழுதியிருந்தார்: 'கவலைப்படாதே. இன்னும் மூன்று வருஷந்தான்.'

என் தாயார் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு, "இன்னொண்ணு இருக்கு, அதையும் படி" என்றார்.

பெரியோர்களே! ஒரு குமாஸ்தா உங்களுக்கு உபதேசம் செய்யலாகாது. ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும், குழந்தைகள் எதிரில் நீங்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் எது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதில் உள்ள 'அதனால்' மெய்தானா என்று, மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்ப்பதுபோல் எடுத்துப் பாருங்கள். மெய்யானால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், வெட்கப்படாமல் குழந்தையிடமே திருத்திச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே கட்டிடத்தில் தமிழ் வகுப்பு மீண்டும் தொடங்குகிறது. ஆசிரியர் இசைந்திருக்கிறார். என் மகள் வருகிறாள். புதிதாகச் சேரும் சிறுவர்களுக்கு அகரம் எழுதிக் காட்டும் பொறுப்பை அவள் ஏற்றிருக்கிறாள். உங்கள் குழந்தைகளையும் அனுப்பி வையுங்கள். ஊருக்குத் திரும்பும் நாள் வரும்போது வரட்டும்.

நாற்காலிகளை நான் எத்தனை எண்ணி வாங்கியிருக்கிறேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. செயலாளர் வேறொருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்திருந்தாலும், போகும்போது ஒருமுறை சரிபார்த்துவிட்டே போவேன். கணக்கு எங்கள் குடும்பத்துக்கு வரும்.